ஃபார்மட் போடும் முன் லைசென்ஸ் யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து நான்கு மெஷின்களைக் கொடுத்து ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றித் தரச் சொன்னார்கள். ஒன்று லேப்டாப். வாங்கும்போதே விண்டோஸ் 11 ஹோம் இருந்ததாம்; கடைப் பென்டிரைவிலிருந்து ப்ரோ ஏற்றினேன், ஆக்டிவேட் ஆகவில்லை. இரண்டாவது அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். மழைத்தண்ணீர் புகுந்து மதர்போர்டு போய்விட்டதால் வேறு போர்டு மாற்றியது. மூன்றாவது ஒரு பழைய டெஸ்க்டாப். கேபினெட்டில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கிறது, ஆனால் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது ஒரு லேப்டாப். அதில் யாரோ முன்பே கிராக் போட்டிருக்கிறார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ரோ கீ வாங்கி நான்கிலும் போட்டுப் பார்த்தேன். முதல் லேப்டாப்பில் ஏறியது, மற்றவற்றில் ஏறவில்லை. "பக்கத்துக் கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாயில் முடித்துத் தருகிறார்கள், நீங்கள் ஏன் லைசென்ஸுக்குத் தனியாகக் கேட்கிறீர்கள்?" என்கிறார் ஆடிட்டர். என்ன செய்வது? பின்னால் பிரச்னை வந்தால் என் தலையில் விழுமா?

பதில்:

முதல் வேலையாக, ஆன்லைனில் வாங்கிய கீயை அந்த லேப்டாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் /யுபிகே கொடுத்தால் கீ விலகிவிடும். சில நூறு ரூபாய்க்கு விற்கிற கீக்கள் பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் ஒப்பந்தத்திலிருந்தோ, டெவலப்பர் சந்தாவிலிருந்தோ, கழித்துக்கட்டிய மெஷின்களிலிருந்தோ உருவப்பட்டவை. அவற்றில் சில இன்றைக்கு ஏறும். எண்ணிக்கை தீர்ந்த கீ என்றால் சி004சி008 என்ற பிழை வரும். மைக்ரோசாஃப்ட் முடக்கிய கீ என்றால் சி004சி003 வரும். மற்ற மூன்றிலும் உங்களுக்கு என்ன எண் வந்தது என்று பார்த்தால் கீயின் கதை தெரிந்துவிடும்.

ஆக்டிவேட் ஆவது வேறு, லைசென்ஸ் இருப்பது வேறு. நம் தொழிலில் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆக்டிவேஷன் என்பது மைக்ரோசாஃப்ட் சர்வர் இப்போதைக்குச் சரி என்று சொல்வது. லைசென்ஸ் என்பது வாடிக்கையாளரிடம் இருக்கிற உரிமை. அதற்கு பில், ஸ்டிக்கர், வாங்கிய கணக்கு என்று ஏதாவது ஓர் ஆதாரம் இருக்கும். அந்த உரிமை மூன்று வகை. ஓஇஎம் என்பது மெஷினோடு வந்து மெஷினோடு போவது. ரீட்டெயில் என்பது வாங்கியவருக்குச் சொந்தம். பழைய மெஷினிலிருந்து எடுத்துவிட்டு வேறு மெஷினில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஒரு மெஷினில்தான். வால்யூம் என்பது நிறுவனத்துக்குச் சொந்தம். இதில் எதுவுமே சர்வீஸ் கடைக்குச் சொந்தமானதாக இருக்க வழியில்லை. வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதையே திரும்ப வைத்துத் தருவதுதான் நம் வேலை.

அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம், ஃபார்மட் போடுவதற்கு முன்பு. ஒரு மெஷினுக்குப் பத்து நிமிடம் போதும். எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ கொடுத்தால் சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் டிஸ்கிரிப்ஷன் வரியில் சேனல் பெயர் இருக்கும்: ஓஇஎம்_டிஎம் என்றால் கம்பெனி லேப்டாப்போடு வந்தது, ரீட்டெயில் என்றால் தனியாக வாங்கியதாகவோ டிஜிட்டல் லைசென்ஸாகவோ (கீ தட்டாமலே, அந்த மெஷினுக்கென்று மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவான உரிமை) இருக்கலாம், வால்யூம்_எம்ஏகே அல்லது வால்யூம்_கேஎம்எஸ்கிளையன்ட் என்றால் நிறுவன வகை. கீழே கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் வரும். அடுத்து எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர் கொடுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆனதா, தேதி போட்டு முடிவதா என்று சொல்லும். இரண்டு பெட்டிகளையும் ஃபோனில் படம் எடுத்து அந்த ஜாப் கார்டோடு சேர்த்து வையுங்கள். கடை வாட்ஸாப் குரூப்பில் போட வேண்டாம். ஸ்டிக்கரில் இருக்கிற 25 எழுத்துக் கீ முழுதாகத் தெரிகிற படம் குரூப்பில் போனால், அது எத்தனை கடைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசி ஐந்து எழுத்துகளைப் பற்றி ஒரு விஷயம். விண்டோஸ் ப்ரோவில் 3வி66டி என்றோ, ஹோமில் 8ஹெச்விஎக்ஸ்7 என்றோ முடிந்தால் அது உலகம் முழுவதும் பொதுவான கீ. டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள மெஷின்களில் இப்படித்தான் தெரியும். முறைப்படி 7-இலிருந்து 10-க்கு மாறிய மெஷினிலும் இது வரும், ஏமாற்றி டிஜிட்டல் லைசென்ஸ் வாங்கிய மெஷினிலும் இதுவேதான் வரும். ஆகவே இந்தப் பெட்டியை மட்டும் காட்டி "லைசென்ஸ் இருக்கிறது" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். டி83ஜிஎக்ஸ் என்று முடிந்தால் அது ப்ரோவுக்கான கேஎம்எஸ் கிளையன்ட் கீ. ஆறு பேர் வேலை செய்யும் ஆபீஸில் அது இருந்தால் சந்தேகப்படுங்கள். காரணத்தை நான்காவது மெஷினில் சொல்கிறேன்.

மூன்றாவதாக, பயாஸில், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளில், கீ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் மெஷின்களில் கீ போர்டிலேயே, எம்எஸ்டிஎம் என்ற ஏசிபிஐ டேபிளில் எழுதப்பட்டு வருகிறது. அதனால்தான் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது நின்றது. பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் மூலம் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸ் என்ற கிளாஸைக் கேளுங்கள். ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்ப்ராடக்ட்கீ என்ற வரியில் கீ வரும், அதே பெயரோடு டிஸ்கிரிப்ஷன் என்று முடியும் அடுத்த வரியில் எந்த எடிஷன் என்று வரும். கோர் என்றால் ஹோம், கோர்சிங்கிள்லாங்குவேஜ் என்றால் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரொஃபெஷனல் என்றால் ப்ரோ. பழைய பழக்கத்தில் டபிள்யூமிக் கட்டளை கொடுத்து "கீ இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புதிய விண்டோஸ் 11-இல் அந்தக் கட்டளையே இயல்பாக இருப்பதில்லை. விண்டோஸ் பூட் ஆகாத மெஷினாக இருந்தால் ஏதாவது லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, சிஸ், ஃபர்ம்வேர், ஏசிபிஐ, டேபிள்ஸ் என்று போனால் எம்எஸ்டிஎம் என்ற ஃபைல் இருக்கும். ரூட் உரிமையோடு படித்தால் கடைசி 29 எழுத்துகள், கோடுகளையும் சேர்த்து, அந்தக் கீதான்.

இனி உங்கள் முதல் லேப்டாப். இங்கே விற்கிற வீட்டு உபயோக லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான் வருகிறது. பயாஸில் இருப்பது அந்த எடிஷனின் கீ; நீங்கள் ஏற்றியது ப்ரோ. கீயும் எடிஷனும் பொருந்தாதபோது எத்தனை முறை முயன்றாலும் ஆகாது. சரியான மீடியாவில் செட்அப் தானாகவே பயாஸைப் படித்து, எடிஷன் எது என்று கேட்காமலே சரியானதை ஏற்றிவிடும். உங்களுக்கு ப்ரோ ஏறியது என்றால் கோளாறு பென்டிரைவில் இருக்கிறது. சோர்சஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பிட்.டிஎக்ஸ்டி அல்லது இஐ.சிஎஃப்ஜி என்ற சின்ன ஃபைல் இருந்தால் அது எடிஷனைக் கட்டாயப்படுத்துகிறது. அது இல்லாவிட்டால், ஹோம் எடிஷன் இல்லாத வால்யூம் ஐஎஸ்ஓவாக (விண்டோஸ் ஏற்றும் ஒற்றை ஃபைல்) இருக்கும். "ப்ரீ-ஆக்டிவேட்டட்" என்று யாரிடமோ வாங்கிய ஐஎஸ்ஓ என்றால் அந்தப் பென்டிரைவை இன்றே அழியுங்கள். அதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆடிட்டர் ஆபீஸ் மெஷினில் நூற்றுக்கணக்கான பேருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன.

8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு புதிதாகத் தயார் செய்யுங்கள். ஐஎஸ்ஓவாக இறக்கினால், ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் ஷா-256 மதிப்பு அந்தத் தளத்திலேயே இருக்கும். கெட்-ஃபைல்ஹாஷ் கொடுத்து ஒப்பிடலாம். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க முடியாது, எனவே இந்த லேப்டாப்பை மறுபடி சுத்தமாக ஏற்றத்தான் வேண்டும். வைஃபை டிரைவர் இல்லாமல் நெட் வரவில்லை என்றால் ஃபோனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டுக்கொள்ளுங்கள். நெட் கிடைத்ததும் சில நிமிடங்களில் தானாக ஆக்டிவேட் ஆகும். நீங்கள் எந்தக் கீயும் தட்ட வேண்டியதில்லை.

ஆகவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பயாஸ் செல், அதாவது சிஆர்2032, செத்துப்போன மெஷினில் தேதி எங்கோ பின்னால் போயிருக்கும். சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று நினைத்து 80072எஃப்8எஃப் பிழை வரும். புது இன்ஸ்டாலேஷனில் டைம்ஸோன் அமெரிக்க நேரத்தில் நின்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி" என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து நேரத்தைச் சரிசெய்தபின் எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ கொடுங்கள். இதைப் பார்க்காமல் கீயைக் குறை சொல்லி அரை நாள் வீணடிப்பவர்கள் உண்டு.

ஆடிட்டருக்கு ப்ரோதான் வேண்டும் என்றால், ஹோம் ஆக்டிவேட் ஆனபின் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ப்ரோ அப்கிரேடை அவருடைய கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதன்பின் என்றைக்காவது அந்த லேப்டாப்பை மறுபடி ஃபார்மட் போட்டால், செட்அப் பயாஸைப் பார்த்து ஹோமையே ஏற்றும். அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் இஐ.சிஎஃப்ஜி போட்டு ப்ரோவைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. டிஜிட்டல் லைசென்ஸ் தன்னைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

லேப்டாப் சர்வீஸ் செய்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்பிளே வராத லேப்டாப்புக்கு பயாஸ் சிப்பைக் கழற்றி, சிப்பில் எழுதும் கருவியான சிஹெச்341ஏ ப்ரோகிராமரில் வைத்து, நெட்டில் கிடைத்த பயாஸ் ஃபைலை (.bin) எழுதுவது ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் தினசரி நடக்கிற வேலை. அந்த எட்டுக் கால் சிப்பில் பயாஸ் மட்டும் இல்லை. மெஷினின் சீரியல் நம்பர், அதன் தனி அடையாள எண்ணான யுயுஐடி, விண்டோஸ் கீ எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நெட் ஃபைலை எழுதிய கணத்தில் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய கீ போய்விடும். சில சமயம் வேறு யாருடைய கீயோ வந்து உட்காரும். அந்த ஃபைலைப் பல கடைகள் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கீ முடக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே எழுதும் முன் பழைய சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, வாடிக்கையாளர் பெயரில் சேமித்து வையுங்கள். 1.8 வோல்ட் சிப் என்றால் அதற்கான அடாப்டர் இல்லாமல் கை வைக்காதீர்கள். பழைய ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து தேடினால் கீ பெரும்பாலும் அப்படியே எழுத்தாகத் தெரியும். புது ஃபைலில் அந்தப் பகுதியைச் சேர்த்து எழுத முடியும். ஸ்கிராப்பிலிருந்து எடுத்த போர்டு மாற்றினாலும் இதே கதைதான். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகும், ஆனால் அது வேறொரு மெஷினின் உரிமை. அதை பில்லில் மறைக்காமல் எழுதுங்கள்.

இரண்டாவது டெஸ்க்டாப்புக்கு வருவோம். அசெம்பிள் செய்த மெஷினில் பயாஸ் கீ இருக்காது, பவர்ஷெல்லில் வெற்று வரிதான் வரும். ஆகவே கேட்க வேண்டியது, முன்பு எந்த லைசென்ஸ் வாங்கினார்கள் என்பது. ரீட்டெயில் பேக் என்றால் கவலையே இல்லை. அந்தக் கீயைக் கொடுத்தால் போதும். கேபினெட்டில் ஸ்டிக்கரோடு சிஸ்டம் பில்டர் ஓஇஎம் (அசெம்பிள் மெஷினோடு விற்கும் வகை) என்றால், போர்டு பழுதாகி அதற்கு இணையான போர்டு மாற்றியிருந்தால் லைசென்ஸ் தொடரும். வேகம் வேண்டும் என்று புதுத் தலைமுறை போர்டுக்கு மாறியிருந்தால் அது புது கம்ப்யூட்டராகவே கணக்கு, புது லைசென்ஸ் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ மெஷின்களுக்குப் போர்டு மாற்ற வேண்டியிருந்தது. இப்படி வரும் மெஷினுக்கு, துருப்பிடித்த போர்டின் படமும் "நீர் புகுந்து பழுது, போர்டு மாற்றம்" என்று தேதியோடு ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டும் கொடுத்துவிடுங்கள். லைசென்ஸ் தொடர்கிறது என்று சொல்ல அவரிடம் இருக்கப்போகும் ஆதாரம் அதுதான்.

தொழில்நுட்ப ரீதியில், போர்டு மாறியதும் சி004எஃப்211 என்று ஹார்டுவேர் மாற்றப் பிழை வரும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன், ட்ரபிள்ஷூட் என்று போய், "சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்து, பழைய மெஷின் பெயரைக் காட்டினால் லைசென்ஸ் புதுப் போர்டுக்கு வரும். போர்டு சாகும் முன்பே டிஜிட்டல் லைசென்ஸ் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருந்தால்தான் இது நடக்கும். எடிஷனும் அதேதான் இருக்க வேண்டும். கணக்கு இணைக்கவில்லை, கீயும் இல்லை, பில்லும் இல்லை என்றால் புது லைசென்ஸ் வாங்கச் சொல்வதைத் தவிர வழியில்லை. ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் பொதுவாக ஆக்டிவேஷனுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது மெஷினில் ஒரு தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச அப்கிரேட் 2016 ஜூலை 29-இல் அதிகாரபூர்வமாக முடிந்தது. ஆனாலும் விண்டோஸ் 7, 8 கீக்கள் அதற்குப்பின்னும் வெகுகாலம் வேலை செய்தன. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடியது. இப்போது ஸ்டிக்கர் கீயைத் தட்டினால் ஏறாது. ஆனால் அந்தப் போர்டில் முன்பே முறைப்படி 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் டிஜிட்டல் லைசென்ஸ் சர்வரில் இருக்கும். "என்னிடம் கீ இல்லை" என்று கொடுத்து அதே எடிஷனை ஏற்றினால் தானாக வந்துவிடும். அதற்காகத்தான் ஃபார்மட்டுக்கு முன் எடிஷனைக் குறித்து வைக்கச் சொல்வது. ஆனாலும் இந்த மெஷினுக்குக் காசு போட்டு லைசென்ஸ் வாங்க வைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேலான ப்ராசஸரும் வேண்டும். 7 ஸ்டிக்கர் காலத்து மெஷினில் அது இருக்காது. தடையைத் தாண்டி 11 ஏற்றுகிற வித்தைகள் இருக்கின்றன; வாடிக்கையாளர் மெஷினில், அதுவும் கணக்கு பார்க்கிற ஆபீஸில், அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரவுசரும் பிரிண்டரும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். டேலி கணக்கு மென்பொருள் ஓட வேண்டும் என்றால் மெஷினை மாற்றச் சொல்லுங்கள்.

நான்காவது, கிராக் போட்ட லேப்டாப். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வர் வைத்து ஆக்டிவேட் செய்துகொள்ளும் முறை. விண்டோஸ் மெஷின்களுக்கு அந்தச் சர்வர் வேலை செய்யவே குறைந்தது 25 மெஷின் வேண்டும். கிளையன்ட் 180 நாளுக்கு ஆக்டிவேட் ஆகும், ஏழு நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும். ஆறு பேர் ஆபீஸில் /எக்ஸ்பிஆர் ஒரு முடிவுத் தேதியைக் காட்டினால், பெரும்பாலும் உள்ளே ஒரு போலி கேஎம்எஸ் சர்வர் ஓடுகிறது என்று பொருள். டாஸ்க் ஷெட்யூலரில் அதைத் தட்டி எழுப்ப ஒரு டாஸ்க் இருக்கும். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஏதாவது ஃபோல்டர் விலக்கி வைக்கப்பட்டிருக்கும். சில சமயம் சி டிரைவ் முழுவதுமே விலக்கி வைக்கப்பட்டிருக்கும். கிராக் ஓட வேண்டும் என்பதற்காக ஆன்டிவைரஸின் கண்ணைக் கட்டிவிட்டு, அதே மெஷினில் வருமான வரித் தளத்துக்கு லாகின் செய்கிறார்கள். ஆடிட்டரிடம் இதைக் காட்டுங்கள். "சட்டப்படி தப்பு" என்பதைவிட அந்த ஒரு ஸ்கிரீன் அவருக்குச் சீக்கிரம் புரியும்.

இதைத் துடைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். டேட்டாவை மட்டும் எடுத்து வைத்துவிட்டு எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து ஏற்றுங்கள். அதற்கு முன் பயாஸ் கீயைப் பாருங்கள். பிராண்டட் லேப்டாப் என்பதால் ஹோம் கீ உள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப்போடு விண்டோஸுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவருக்கு, அதன்மேல் யாரோ கிராக் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் ஒரு பைசா லைசென்ஸ் செலவில்லாமல் இந்த மெஷின் சரியாகிவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவது லைசென்ஸைவிடப் பெரிய ஆபத்து. விண்டோஸ் 11 ஏற்றும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது என்று கடைப் பையன் தன்னுடைய மெயிலைத் தட்டி உள்ளே போகிறான். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றும் மெஷின்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது டிஸ்க்குக்கான பூட்டு, பெரும்பாலும் தானாக இயங்கிவிடுகிறது. பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ, யார் கணக்கில் முதலில் உள்ளே போனார்களோ அங்கே போய்ச் சேரும். சில மாதம் கழித்து பயாஸ் அப்டேட்டோ போர்டு மாற்றமோ நடந்து நீலத்திரையில் கீ கேட்டால், அது உங்கள் பையனின் மெயிலில் இருக்கும். அவன் வேலையை விட்டுப் போயிருப்பான். ஆடிட்டரின் அத்தனை ஃபைலும் உள்ளே மாட்டிக்கொள்ளும்; எந்த டேட்டா ரெகவரி கடையாலும் எடுக்க முடியாது. எனவே வாடிக்கையாளரை அருகில் உட்கார வைத்து, அவருடைய மெயில், அவருடைய ஃபோனுக்கு வரும் ஓடிபி கொண்டே உள்ளே போங்கள். அவர் வர முடியாவிட்டால் மெஷினைக் கணக்குத் திரைவரை கொண்டுவந்து நிறுத்திக் கொடுத்துவிடுங்கள். கையில் வரும் மெஷினிலும் கை வைக்கும் முன் மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ் கொடுத்துப் பாருங்கள். பூட்டு இருந்தால் ரெகவரி கீயை வாடிக்கையாளர் தன் கணக்கிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகே பயாஸ் பக்கம் போங்கள்.

ஆபீஸ் தொகுப்புக்கும் இது பொருந்தும். லேப்டாப்போடு வந்த ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021, முதலில் எந்தக் கணக்கில் ஆக்டிவேட் செய்தார்களோ அதோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஏற்ற அதே மெயில் வேண்டும். அந்தப் பதிப்புக்குத் தொழில்முறைப் பயன்பாட்டு உரிமை இல்லை என்பதையும் ஆடிட்டரிடம் சொல்லுங்கள், அவர் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

டேலியில் ஃபார்மட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்ய, அதாவது அந்த மெஷினிலிருந்து விடுவிக்க, வேண்டும். எஃப்1 உதவிக்குள் செட்டிங்ஸ், லைசென்ஸ் பகுதியில் அது இருக்கிறது. நெட்டும், அவர்கள் பதிவு செய்த மெயிலும் தேவை. சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். டேட்டா ஃபோல்டர் எங்கே என்று ஊகிக்காமல், கம்பெனி தேர்வுத் திரையில் காட்டுகிற பாதையைப் பார்த்து காப்பி எடுங்கள்; சிலர் டி டிரைவில் வைத்திருப்பார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களுக்கு டிரைவர் மட்டும் திரும்பப் போட்டால் போதும், சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. டிரைவர் மென்பொருளில் "இனிஷியலைஸ்" என்று ஒரு பட்டன் தெரியும், அதைத் தொட்டால் சான்றிதழ் அழிந்துவிடும். ஆன்டிவைரஸ் கீயையும் பதிவு செய்த ஃபோன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிடிபி கடை மெஷின் வந்தால் தமிழ் எழுத்துருத் தொகுப்புக்கு யுஎஸ்பி லாக் இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினோடு அதைக் கொடுத்தனுப்ப மறந்திருப்பார்கள்.

உங்கள் தலையில் விழுமா என்று கேட்டீர்கள். விழும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்கு இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆபீஸுக்கும் கடைக்கும் அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. 63-ஆவது பிரிவு மீறலுக்கு உடந்தையாக இருப்பவரையும் சேர்க்கிறது. பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. கிராக் போட்டதற்குக் கூலி வாங்கி பில்லும் கொடுத்த கடைக்காரர், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

ஆடிட்டரிடம் பேரம் பேச வேண்டாம். ஒரே தாளில் நான்கு மெஷினையும் எழுதிக் கொடுங்கள்: இரண்டு லேப்டாப்புக்கும் பயாஸ் கீ இருந்தால் லைசென்ஸ் செலவு இல்லை, டெஸ்க்டாப்புக்கு பழைய பில்லோ கணக்கோ கிடைத்தால் செலவு இல்லை, கிடைக்காவிட்டால் ஒரு லைசென்ஸ், பழைய மெஷினுக்கு மாற்று யோசனை. நான்கு லைசென்ஸ் என்று பயந்திருப்பவருக்கு அது ஒன்றாகவோ பூஜ்யமாகவோ குறையும். வாங்க வேண்டி வந்தால் அவர் பெயரிலேயே, அவர் ஜிஎஸ்டி எண்ணோடு பில் போடச் சொல்லுங்கள். உங்கள் கூலியைத் தனி வரியாக எழுதுங்கள். "சாஃப்ட்வேர் இன்ஸ்டாலேஷன்" என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டால், கீயை நீங்கள் விற்றதாகவே பின்னால் படிக்கப்படும்.

மெஷின்களை எடுக்கும் தேதியையும் பாருங்கள். ஜிஎஸ்டி படிவங்களுக்காக 11, 20 தேதிகளை ஒட்டியும், செப்டம்பர் கடைசியிலும் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மெஷின்கூட சும்மா இருக்காது. அந்த நாட்களில் எடுத்தால் டேலி சரண்டரும் பேக்கப்பும் அவசரத்தில் விட்டுப்போகும். மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரு நேரத்தில் ஒரு மெஷினாக, கிராக் போட்ட லேப்டாப்பிலிருந்து தொடங்குங்கள்.